வகுப்பறையைப் பற்றி எழுதவிடுங்கள்: கல்வி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கல்வி நிர்வாகப் பொறுப்பாளர்களுக்கு,

ஆசிரியர்கள் தங்கள் வகுப்பறை அனுபவத்தைச் சொந்த வலைப்பதிவில் எழுத இனி முன் அனுமதி பெற வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறீர்கள். ஏற்கெனவே எழுதியவற்றை 15 நாட்களுக்குள் நீக்கிவிட வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அதற்குப் பதிலாக வாரம் ஒருமுறை நிர்வாகத் தளத்தில் ஒரு படிவத்தை நிரப்பச் சொல்கிறீர்கள். ‘கற்பித்தல் குறித்த சுயசிந்தனை’ என்பது அதன் தலைப்பு. ஆண்டு மதிப்பீட்டின்போது இந்தப் படிவங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் என்பது சுற்றறிக்கையின் கடைசி வரி.

நான் கணித ஆசிரியர். 6 ஆண்டுகளாக வலைப்பதிவு எழுதிவருகிறேன். நீங்கள் கொடுத்த 15 நாட்களில் 9 நாட்கள் போய்விட்டன. நான் இன்னும் ஒரு பதிவைக்கூட நீக்கவில்லை. எதை நீக்கச் சொல்கிறோம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். அதனால்தான் இந்த மடல்.

என்னுடைய ஒரு பதிவைப் பற்றிச் சொல்கிறேன். தசம எண்கள் நடத்திய ஒரு நாள், 0.4, 0.35 இரண்டில் எது பெரியது என்று வகுப்பில் கேட்டேன். பாதிப் பேருக்கு மேல் 0.35 என்றார்கள். 35 என்பது 4-ஐ விடப் பெரியது, அதுதான் அவர்கள் சொன்ன காரணம். மற்றவர்கள் 0.4 என்று சரியாகச் சொன்னார்கள். சரி, இவர்களுக்குப் புரிந்துவிட்டது, தவறாகச் சொன்னவர்களுக்கு மட்டும் இன்னொரு முறை நடத்தினால் போதும் என்று முடிவு செய்தேன். அன்று இரவு, நடந்ததை அப்படியே எழுதிப் பதிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, எங்கோ ஒரு பள்ளியில் பணிபுரியும், நான் முகம்கூடப் பார்த்திராத ஓர் ஆசிரியர் எனக்கு எழுதினார். ‘சரியாகச் சொன்ன பிள்ளைகளிடம் 0.3, 0.57 இரண்டில் எது பெரியது என்று கேட்டுப் பாருங்கள்’ என்று மட்டும்தான் எழுதியிருந்தார். மறுநாள் கேட்டேன். புரிந்துவிட்டது என்று நான் நினைத்திருந்த பிள்ளைகளில் பலர் 0.3 என்றார்கள். ஏன் என்று கேட்டேன். பத்தில் ஒரு பங்கு, நூறில் ஒரு பங்கைவிடப் பெரியது. ஆகவே புள்ளிக்குப் பிறகு இலக்கம் குறைவாக இருக்கும் எண்தான் எப்போதும் பெரிய எண். இப்படி ஒரு விதியைத் தாங்களாகவே செய்து வைத்திருந்தார்கள். என் முதல் கேள்விக்கு அந்தத் தவறான விதி சரியான விடையைக் கொடுத்துவிட்டது.

அப்புறம் என் பழைய வினாத்தாள்களை எடுத்துப் பார்த்தேன். 0.45-ஐயும் 0.62-ஐயும் ஒப்பிடு, 0.7-ஐயும் 0.2-ஐயும் ஒப்பிடு. நான் கேட்டிருந்த எல்லாக் கேள்விகளிலும் இரண்டு எண்களுக்கும் புள்ளிக்குப் பின் ஒரே எண்ணிக்கையில் இலக்கங்கள். 35, 4-ஐ விடப் பெரியது என்று நினைக்கும் பிள்ளையும் இதில் முழு மதிப்பெண் வாங்கும். இலக்கம் குறைந்தால் பெரிய எண் என்று நினைக்கும் பிள்ளையும் வாங்கும். பல ஆண்டுகளாக நான் சரி போட்ட விடைகளில் எத்தனை இப்படி வந்தவை என்று இனிமேல் கண்டுபிடிக்க முடியாது. அந்தப் பிள்ளைகள் பள்ளியை விட்டே போய்விட்டார்கள்.

இதை இரண்டாவது பதிவாக எழுதினேன். அதைப் படித்த வேறு சிலர் தங்கள் வகுப்பில் கேட்டுப் பார்த்தார்கள், அங்கேயும் இதே இரண்டு விதமான தவறு. 0.35-ஐ ‘பூஜ்ஜியம் புள்ளி முப்பத்தைந்து’ என்று ஆசிரியர்களே வாசிப்பதுதான் முதல் தவறுக்கு உரம் போடுகிறது என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். நானும் அப்படித்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து ‘மூன்று ஐந்து’ என்று தனித்தனியாக வாசிக்கிறேன். பிள்ளைகளையும் அப்படி வாசிக்கச் சொல்கிறேன். எனக்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் இதைச் சொல்லித் தந்தவர் இல்லை. ஒரு தோல்வியை வெளிப்படையாக எழுதியதால் கிடைத்த பாடம் இது. உங்கள் சுற்றறிக்கை நீக்கச் சொல்லும் பதிவுகளில் இந்த இரண்டும் அடக்கம்.

இனி, எழுதப்படாமல் போன ஒன்றைப் பற்றி.

நான் பணியில் சேர்ந்த புதிதில், பக்கத்து வகுப்பில் ஒரு மூத்த ஆசிரியர் கணிதம் எடுப்பார். மணி அடித்தும் அவர் வகுப்பு முடியாததால் ஒருநாள் வாசலில் காத்துக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளை கரும்பலகையில் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருந்தது. மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிடுகிற, எல்லாரும் பார்த்துச் சலித்த தவறு. நானாக இருந்தால் அழித்துவிட்டு மறுபடி கீழ் எண்களைச் சமமாக்கச் சொல்லிக்கொடுத்திருப்பேன். அவர் அழிக்கவில்லை. ‘இது வேறொரு கேள்விக்குச் சரியான விடை. எந்தக் கேள்வி என்று யோசியுங்கள்’ என்றார். வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. அப்புறம் பின் வரிசையிலிருந்து ஒரு பிள்ளை சொன்னது: ‘ஓர் அணி முதலில் 2 ஆட்டம் ஆடி 1-இல் ஜெயித்தது. அப்புறம் 3 ஆட்டம் ஆடி 1-இல் ஜெயித்தது. மொத்தம் 5-இல் 2.’ தவறாக எழுதிய பிள்ளையின் முகம் மலர்ந்ததை வாசலில் நின்றபடி பார்த்தேன். பின்னம் என்றால் எதில் பங்கு என்று கேட்க வேண்டும், முழுமை மாறினால் கூட்டல் மாறிவிடும் என்பது ஐந்தே நிமிடத்தில் அந்த வகுப்புக்குப் புரிந்தது.

30 ஆண்டுக்கு மேல் பாடம் நடத்திவிட்டு அவர் ஓய்வு பெற்றார். சால்வை போர்த்தினோம், புகைப்படம் எடுத்தோம். அவர் பாடக்குறிப்பேடுகள் பழைய காகிதத்தோடு போயின. அப்படியே இருந்திருந்தாலும் பெரிய பயன் இருந்திருக்காது. நோக்கம், துணைக்கருவி, மதிப்பீடு என்று மேற்பார்வைக்காக எழுதிய பத்திகளில் ‘எந்தக் கேள்விக்கு இது விடை’ என்ற அந்த ஒரு வரிக்கு இடமே கிடையாது. நான் தற்செயலாக வாசலில் நின்ற ஒரு நாளால் அந்த ஒன்று மட்டும் என்னிடம் இருக்கிறது. அவரிடம் அதுபோல் நூறு இருந்திருக்கும். அவரும் இப்போது இல்லை.

இப்படி இழப்பது எங்கள் ஒரு பள்ளியின் கதை இல்லை. ஆசிரியர்களின் அறிவு எப்படி உருவாகிறது என்று ஆராய்ந்தவர் லீ ஷுல்மன். பாடத்தை அறிவது ஒன்று, அந்தப் பாடத்தைப் பிறருக்குப் புரியவைக்கும் வழியை அறிவது இன்னொன்று என்று 1986-இல் பிரித்துக் காட்டியவர். மறுஆண்டு அவர் எழுதிய கட்டுரையில், கற்பித்தல் தொழிலைப் பீடித்திருக்கும் கூட்டு மறதியைப் பற்றி வருந்துகிறார். ஆசிரியர்கள் உருவாக்கும் மிகச் சிறந்தவை சக ஆசிரியர்களுக்கும் கிடைப்பதில்லை, பின்னால் வருபவர்களுக்கும் கிடைப்பதில்லை என்கிறார். மருத்துவர்களுக்கு நோயாளியின் வரலாறு எழுத்தில் இருக்கிறது. வழக்கறிஞர்களுக்குத் தீர்ப்புகள் எழுத்தில் இருக்கின்றன. எங்களுக்கு, மணி அடித்ததும் கரும்பலகை அழிந்துவிடுகிறது. புதிதாக வரும் ஆசிரியர் முதல் படியிலிருந்தே தொடங்குகிறார்.

இதற்கு மாற்று இருக்கிறது. ஜப்பானில் நூறாண்டுக்கு மேலாக ஒரு வழக்கம் உண்டு. சில ஆசிரியர்கள் கூடி ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் வகுப்பில் இருந்து பிள்ளைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று கவனிப்பார்கள். பிறகு கூடிப் பேசி, கண்டதை எழுதி வைப்பார்கள். ஆசிரியர்கள் எழுதிய அந்த அறிக்கைகள் மற்ற ஆசிரியர்களின் கைக்குப் போகின்றன. அப்படி ஓர் ஏற்பாட்டை நீங்கள் எங்களுக்குச் செய்து தரவில்லை. கால அட்டவணையில் பக்கத்து வகுப்புக்குப் போய் உட்கார ஒரு பாடவேளைகூட எங்களுக்கு இல்லை. அந்தக் குறையை எங்களால் முடிந்த அளவில் நாங்களே வலைப்பதிவில் நிரப்பிக்கொண்டிருந்தோம். பிளாகர் 1999-இலும் வேர்ட்பிரஸ் 2003-இலும் வந்த பிறகு, கணினி மொழி ஒரு வரிகூடத் தெரியாத ஆசிரியரும் அரை மணி நேரத்தில் சொந்தப் பக்கம் தொடங்கிவிட முடிகிறது. நிர்வாகத்துக்கு ஒரு காசு செலவில்லை.

அதற்கு ஈடாக நீங்கள் கொடுத்திருக்கும் படிவத்தைப் பற்றிப் பேசுகிறேன். இந்த மடலை எழுதவைத்ததே அதுதான்.

எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு புதிய ஆசிரியர் இருக்கிறார். பணியில் சேர்ந்து ஓர் ஆண்டு ஆகவில்லை. நான்தான் அவரை வலைப்பதிவு தொடங்கச் சொன்னேன். ‘இன்று வகுப்பு என் கையை மீறிப் போனது’ என்று அவருடைய முதல் பதிவு தொடங்கும். சத்தம் கூடக்கூடத் தானும் குரலை உயர்த்தியது, கடைசியில் பாடத்தை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றது, எல்லாவற்றையும் எழுதியிருந்தார். அனுபவமுள்ள ஆசிரியர்கள் பலர் அவருக்குப் பதில் எழுதினார்கள். குரலைக் குறைத்தால் பிள்ளைகள் காது கொடுப்பார்கள் என்றார் ஒருவர். வகுப்பு தொடங்கும் முதல் 3 நிமிடத்துக்கு எப்போதும் ஒரு வேலை பலகையில் இருக்கட்டும் என்றார் இன்னொருவர். தனக்கும் முதல் ஆண்டு இப்படித்தான் போனது என்று மூன்று பேர் எழுதினார்கள். அவருக்கு அதுதான் மிகவும் தேவைப்பட்டது என்று நினைக்கிறேன். நான்கு பதிவுகள் எழுதியிருந்தார். சுற்றறிக்கை வந்த அன்றே நான்கையும் அழித்துவிட்டார்.

போன வாரம் அவர் உங்கள் படிவத்தை நிரப்பும்போது நான் பக்கத்தில் இருந்தேன். ‘இவ்வாரம் எதிர்கொண்ட சவால்’ என்ற கட்டத்தில் ‘ஏதுமில்லை’ என்று எழுதினார். ‘மேம்படுத்த வேண்டியவை’ என்ற கட்டத்தில் ‘திட்டமிட்டபடி பாடம் நடத்தப்பட்டது’ என்று எழுதினார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வாரமும் வகுப்பு அவருக்குக் கடினமாகத்தான் இருந்தது. ஆனால் மதிப்பீடு போடுகிறவருக்கு அனுப்பும் தாளில் தன் தோல்வியை யார் எழுதுவார்? நானும் என் படிவத்தில் தசம எண் கதையை எழுதவில்லை. பல ஆண்டுகளாகக் குறையுள்ள வினாத்தாள் கொடுத்தேன் என்று அங்கே எழுதினால் அது என் கோப்பில் ஏறும். சக ஆசிரியர்கள் படிக்கும் இடத்தில் எழுதினால் அதற்கு மருந்து கிடைக்கிறது. ஒரே உண்மைதான். யார் படிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது வெளியே வருகிறது, அல்லது உள்ளேயே தங்கிவிடுகிறது.

முன் அனுமதியும் இதே போலத்தான். அன்று மாலை மனதில் சூடாக இருப்பதை, மூன்று மேசை கடந்து ஒரு மாதம் கழித்து அனுமதி வந்த பிறகு எழுதலாம் என்றால், யாரும் எழுத மாட்டார்கள். நீங்கள் தடை என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. நடக்கப்போவது தடைதான்.

மாணவர்களின் அந்தரங்கத்தைக் காக்கவே இந்த நடவடிக்கை என்று சுற்றறிக்கை சொல்கிறது. இந்தக் கவலை நியாயமானது. இதில் நானே ஒருமுறை தவறியிருக்கிறேன். ஒரு மாணவனின் விடைத்தாளைப் படம் எடுத்து, பெயரை மட்டும் மறைத்துப் பதிவிட்டேன். கையெழுத்தை வைத்தே அவன் வகுப்புத் தோழர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அவன் இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பதிவை நீக்கினேன், அவனிடமும் அவன் பெற்றோரிடமும் மன்னிப்புக் கேட்டேன். அதிலிருந்து சில கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறேன். மாணவர் பெயர், படம், கையெழுத்து எதுவும் என் பக்கத்தில் வராது. தவறான விடையைக் காட்ட வேண்டுமென்றால் என் கையால் எழுதிக் காட்டுவேன். குடும்பச் சூழலைத் தொடவே மாட்டேன். ஒரே ஒரு பிள்ளையைச் சுற்றி நடந்தது என்றால் அந்தப் பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போன பிறகுதான் எழுதுவேன். கோபத்தில் எழுதியதை அன்றே வெளியிட மாட்டேன். அந்தப் பிள்ளையே என்றாவது இதைப் படித்தால் தலை குனியாமல் படிக்க முடியுமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வேன். பல ஆசிரியர்கள் இப்படித் தங்களுக்கென்று வரம்பு வைத்துத்தான் எழுதுகிறார்கள். இந்த வரம்புகளைத் தொகுத்து எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்திருந்தால் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு கூடியிருக்கும். எல்லா எழுத்தையும் துடைத்தெடுப்பதால் அந்தப் பாதுகாப்பு கூடிவிடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 5-ஆம் தேதி உலக ஆசிரியர் நாளுக்கு எங்களுக்கு வாழ்த்துச் செய்தி அனுப்புகிறீர்கள். 1966-இல் அதே தேதியில் ஆசிரியர்களின் நிலை குறித்த பரிந்துரையை ஏற்றுக்கொண்டார்கள்; யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து கொண்டுவந்த ஆவணம் அது. அந்த நாளைத்தான் 1994 முதல் ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகிறோம். தன் மாணவர்களுக்கு எந்த முறை பொருந்தும் என்று தீர்மானிக்கும் தகுதி ஆசிரியருக்கே அதிகம் என்று அந்தப் பரிந்துரை சொல்கிறது. மேற்பார்வை எதுவானாலும் அது ஆசிரியரின் சுதந்திரத்தையும் முன்முயற்சியையும் பொறுப்பையும் குறைப்பதாக இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. உங்கள் சுற்றறிக்கையை அதன் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் கேட்பவை இவை.

பதிவுகளை நீக்கச் சொல்லும் பகுதியையும் முன் அனுமதிப் பகுதியையும் திரும்பப் பெறுங்கள். கெடு முடிய 6 நாட்கள்தான் இருக்கின்றன. முழு முடிவெடுக்க நேரம் வேண்டுமானால், கெடுவை மட்டுமாவது உடனே நிறுத்தி வையுங்கள். அழித்த பதிவுகள் திரும்பி வராது.

வாரப் படிவத்தை ஆண்டு மதிப்பீட்டிலிருந்து விலக்குங்கள். முடிந்தால் படிவத்தையே கைவிட்டு, அதை நிரப்பும் நேரத்தை எங்களிடம் விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் எழுத விரும்புகிறவர்கள் எழுதுவார்கள், மற்றவர்கள் படிப்பார்கள். தயவுசெய்து வலைப்பதிவைக் கட்டாயமாக்கிவிடாதீர்கள். மாதம் இத்தனை பதிவு என்று எண்ணத் தொடங்கினால் அதுவும் இன்னொரு படிவமாகிவிடும்.

மாணவர் அந்தரங்கம் பற்றி ஒரே ஒரு பக்கத்தில் வழிகாட்டுதல் வெளியிடுங்கள். எழுதும் ஆசிரியர்களையும் பெற்றோரையும் உட்காரவைத்து அதைத் தயாரியுங்கள். என் தவறையும் அதில் ஓர் உதாரணமாகச் சேர்க்க எனக்குச் சம்மதம். யாராவது அந்த வரம்பை மீறினால் அவரிடம் கேளுங்கள்; அதற்காக மற்றவர்கள் வாயைக் கட்டாதீர்கள்.

புதிதாகச் சேரும் ஆசிரியர்களின் பயிற்சியில், எழுதும் ஆசிரியர் ஒருவரை அழைத்து ஒரு மணி நேரம் பேசவிடுங்கள். ஓய்வு பெறப்போகும் ஆசிரியர்களுக்குக் கடைசி ஆண்டில் வாரம் ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். தங்களுக்குத் தெரிந்ததை அவர்கள் எழுதட்டும்; தட்டச்சு செய்யத் தெரியாதவர்களுக்கு நாங்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்து தருகிறோம். இது சக ஆசிரியர்கள் பலரிடம் கேட்டுவிட்டுச் சொல்லும் வாக்கு.

கடைசியாக, உங்கள் பதிலை எனக்குத் தனிக்கடிதமாக அனுப்ப வேண்டாம். முதல் சுற்றறிக்கை போன எல்லாப் பள்ளிகளுக்கும் அதே வழியில் அனுப்புங்கள். நான்கு பதிவுகளை அழித்த அந்தப் புதிய ஆசிரியர், மறுபடியும் எழுதலாம் என்பதை உங்கள் எழுத்திலேயே படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியர்